காதறுந்த வண்ணத்துப்பூச்சி

வட்டவளைக்கு மேலே உள்ள குருவிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், 1949 முதல் 1965 வரை பதினேழு வருடம், மாசி மாதம் இருபத்தோராம் தேதி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்புமேளம் அடிக்கும் நேரத்தில், ஒரே வண்ணத்துப்பூச்சி வந்து நாகலெட்சுமியின் மூக்குத்தியில் உட்கார்ந்து, ஒருவர் வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம் இருந்துவிட்டு, சிவனொளிபாதமலை இருக்கும் திசையில் பறந்துபோனது. ஒரு வருடம் மட்டும் இருபத்துமூன்றாம் தேதி, வேறொரு தோட்டத்துக்கு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. வண்ணத்துப்பூச்சிக்கு ஆயுசு சில வாரம்தான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இது வெளிறிய மஞ்சள் நிறம். வலது இறகின் கீழ் ஓரத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு பிளவு. பதினேழு வருடமும் அதே பிளவு, அதே இடத்தில். டிவிசனில் யாரும் இதைப் பற்றிச் சந்தேகப்பட்டதில்லை. பறித்த கொழுந்து எத்தனை இறாத்தல் எடை என்பதில்தான் அங்கே சண்டை வரும்.

குருவிக்கல்லில் கோடை தை கடைசியில் தொடங்கிப் பங்குனியோடு முடிந்துவிடும். மற்ற நாளெல்லாம் மழை. லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசலில் காயப்போட்ட சேலை மூன்றாம் நாள்தான் உலரும். அந்தக் கோடை வாரங்களில் பொல்பிட்டியப் பள்ளத்திலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மேலேறி, தோட்டத்தைக் கடந்து, சிவனொளிபாதமலைக்குப் போகும். பாதத்தைக் கும்பிடப் போகின்றன, கும்பிட்டுவிட்டு அங்கேயே செத்தும் போகின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கீழே நாட்டுப் பக்கத்துச் சிங்களவர்கள் அந்த மலையையே வண்ணத்துப்பூச்சியின் பேரால்தான் சொல்கிறார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில் மொட்டைப்பாறை என்று ஒரு பாறை. சுற்றியுள்ள மரங்களில் மண்ணே இல்லாமல் மரவாழைகள் ஒட்டிக்கொண்டு வளரும். ஊதாவும் வெள்ளையுமாகச் சரம்சரமாகப் பூக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் ரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து பூவையும் பூச்சியையும் பார்க்கும். இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும். வீரய்யா நாகலெட்சுமியை முதலில் பார்த்ததும் அங்கேதான். அவள் அப்போது வேறொருவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேறொருவன் சின்னராசா, அவளுடைய அத்தை மகன், அவளுக்குப் பரிசம் போட்டவன். தேயிலைச் செடியை முழங்காலுக்கு மேலே வெட்டி நிறுத்துகிற வேலைக்குக் கவ்வாத்து என்று பேர். அந்தக் கூட்டத்தில் சின்னராசாதான் முதல் ஆள். அவனுடைய நிரை முதலில் முடியும், வீரய்யாவுடையது இரண்டாவதாக முடியும். ஒரு நாள்கூட இது மாறியதில்லை. தன் நிரையை முடித்துவிட்டு மேட்டில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, மெதுவாக வா, செடி எங்கேயும் ஓடிவிடாது என்பான் சின்னராசா. கேலியாகத்தான் சொல்வான், மனதில் வன்மம் கிடையாது. வன்மம் இருந்திருந்தால் வீரய்யாவுக்கு வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். சின்ன வயதில் சவுக்குமரக் கிளையில் கடுக்கன் மாட்டி இழுத்ததில் சின்னராசாவின் வலது காது மடல் அறுந்துபோயிருந்தது. அந்தக் காதே அவனுக்கு ஓர் அழகு என்று கொழுந்து மலையில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். வீரய்யாவுக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. அதைப் பற்றி ஒருவரும் எதுவும் சொன்னதில்லை.

இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, 1948 மாசி இருபத்தோராம் தேதி, சின்னராசா சாமி கும்பிடப் போன கூட்டத்தோடு மலையேறினான். உச்சிவரை ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. அன்றைக்கு வண்ணத்துப்பூச்சிகள் முன்னால் போகிற ஆளின் முதுகு தெரியாத அளவுக்கு வந்தன என்றும், மஞ்சளெல்லாம் கலைந்து பார்த்தபோது சின்னராசா நின்ற இடத்தில் அவன் துண்டு மட்டும் கிடந்தது என்றும் சொன்னார்கள். தேடப்போன எட்டுப் பேரில் வீரய்யாவும் ஒருவன். மூன்று நாள் பள்ளம் பள்ளமாக இறங்கித் தேடினான்; அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். தேடியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம், இனிமேல் திரும்பலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் அவன்தான். மற்ற ஏழு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் சொன்னவன் அவன். வழி நெடுக அவன் காரணமில்லாமல் எல்லாருக்கும் முன்னால் வேகமாக நடந்தான். காரணம் இருந்தது, அதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அடுத்த தையில் நாகலெட்சுமியை வீரய்யாவுக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணத்துக்கு முதல் ஞாயிறு அவன் மொட்டைப்பாறைக்குப் போய் ஒரு மரவாழையைப் பட்டையோடு பெயர்த்து வந்து, ஐந்தாம் நம்பர் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் நின்ற கொய்யாமரத்தில் தேங்காய் நாரால் கட்டினான். அவன் ஒரு பெண்ணுக்கென்று செய்த முதல் காரியம் அது. இந்தா என்று சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை, கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வைகாசியில் பூக்க வேண்டிய செடி மாசியிலேயே பூத்தது. மாசி இருபத்தொன்று காலையில் நாகலெட்சுமி கூடையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அந்த மஞ்சள் பூச்சி கொய்யாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அவள் மூக்குத்தியில் உட்கார்ந்தது. அவள் அப்படியே நின்றாள். வீரய்யா மூன்றடி தள்ளி நின்று பார்த்தான். முதலில் பூச்சியை, பிறகு அதன் வலது இறகை, பிறகு அந்தப் பிளவை. கை தானாகப் போய்த் தன் வலது காதைத் தொட்டது. நாகலெட்சுமியின் முகத்தில் ஒரு வெட்கம் வந்திருந்தது. கல்யாணத்தன்றைக்குக்கூட அவளுக்கு அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை. பூச்சி எழுந்து பறந்த பிறகும் அவன் நகரவில்லை.

"யாரு அது?" என்றான்.

"பூச்சிங்க" என்றாள் அவள்.

அந்த வருடத்துக்கு அதற்குமேல் பேச்சு இல்லை. அடுத்த மாசியிலும் அது வந்தது, அதற்கடுத்த மாசியிலும் வந்தது. டிவிசன் பழகிக்கொண்டது. கங்காணி இராமையா அந்த ஒரு நாள் மட்டும் தப்பைப் பத்து நிமிடம் பிந்தி அடிக்கச் சொன்னார். அவருக்கு மேலதிகாரியான கண்டாக்கையா ஏனென்று கேட்டபோது பூச்சி வரும் நாள் என்றார். கண்டாக்கையாவும் சரியென்று குறித்துக்கொண்டார். பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு, உலகத்தில் ஆண்பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரனை முறைப்பார்கள், இங்கே ஒருத்தர் பூச்சியை முறைக்கிறார் என்று பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். வீரய்யா சிரிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மாசி இருபதாம் தேதி சாயங்காலம் சுவரில் தொங்கிய கையகலக் கண்ணாடியைக் கழற்றி அரிசித் தகரத்துக்குள் புதைத்துவைப்பான். அவள் கேட்டால் காணோம் என்பான். அந்தப் பூச்சியின் அழகை அவள் நின்று பார்த்து ரசிப்பதைத் தடுக்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். நடுவில் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு தடவையும் வீரய்யா பிள்ளையைக் கையில் வாங்கியதும் முதலில் வலது காதைத்தான் பார்த்தான். இரண்டுக்கும் காது நன்றாக இருந்தது. கொஞ்ச நாள் மனம் ஆறியிருந்தான், பிறகு மறுபடி மாசி வந்தது.

அவன் கெட்ட புருசன் என்று சொல்ல முடியாது. குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான், சம்பளத்தைக் கொண்டுவந்து அப்படியே கொடுப்பான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். சோறு போடும்போது தட்டைப் பார்ப்பான், பேசும்போது கதவைப் பார்ப்பான். பார்த்தால் அந்த முகத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருந்த இடம் தெரியும் என்று பயம். பொறாமைப்படுகிறவனுக்கு வேலை அதிகம், ஓய்வே கிடையாது. கவ்வாத்து மலையில் இப்போது அவன்தான் முதல் ஆள், அவன் நிரைதான் முதலில் முடிந்தது. முடித்துவிட்டு மேட்டில் போய் உட்கார்ந்தால், அங்கே முன்பே யாரோ உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

இடத்தை மாற்றினால் தொலையும் என்று 1953 தையில் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேரை வெட்டிக்கொண்டு, கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போனான். என்ன காரணம் என்று நாகலெட்சுமிக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாசி இருபத்தொன்று வந்தது, பூச்சி வரவில்லை. வீரய்யா அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். இருபத்திரண்டும் வரவில்லை. இருபத்துமூன்றாம் தேதி காலை அது வந்து மூக்குத்தியில் உட்கார்ந்தது. இறகு கொஞ்சம் கசங்கியிருந்தது. குறுக்கே பறந்தால் அரைநாள் வழிகூட இல்லை. விலாசம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும் என்று அந்தத் தோட்டத்துச் சனங்கள் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் வீரய்யா காம்பராவின் பின்பக்கம் போய்ப் பார்த்தான். அங்கே கிடந்த ஒரு பட்ட மரத்தில் தேங்காய் நாரால் கட்டி, குருவிக்கல் கொய்யாமரத்து மரவாழை பூத்துக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி அதை ஈரச்சாக்கில் சுற்றிக் கொழுந்துக் கூடைக்குள் வைத்து ரயிலில் கொண்டுவந்திருந்தாள். எதற்கு என்று அவன் கேட்டான். நீங்கள் கட்டியதுதானே, எப்படி விட்டுவிட்டு வருவது என்றாள். அவன் காதில் அது அப்படி விழவில்லை. இந்தச் செடியின் வாசனையைப் பிடித்துத்தான் சின்னராசா வருகிறான், அது தெரிந்துதான் இவளும் சுமந்துவந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

வைகாசியில் குருவிக்கல்லுக்கே திரும்பினார்கள். செடி மறுபடியும் கொய்யாமரத்துக்கு வந்தது. ஆனி மாதம் மழை பிடித்த ஒரு மத்தியானம், நாகலெட்சுமி கொழுந்து நிறுக்கப் போயிருந்த நேரத்தில், வீரய்யா கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். அவன் செய்த தப்பு, கவ்வாத்துக்காரன் ஒருவனைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டாத தப்பு. அழிக்க வேண்டுமென்றால் வேரோடு பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும். அவனுக்கு அது தோன்றவில்லை. இருபது வருடமாக அந்தக் கத்தி ஒரு வேலையைத்தான் செய்திருக்கிறது, கையும் அந்த ஒன்றைத்தான் செய்தது. தண்ணீர் தேங்காதபடி ஒவ்வொரு தண்டையும் சாய்வாக வெட்டினான். பாசியைச் சுரண்டினான். கடைசியில், எந்தச் செடியை வெட்டினாலும் அது மூச்சுவிடுவதற்கென்று ஒரு கிளையை வெட்டாமல் விடுவார்களே, அப்படி ஒரு தண்டை விட்டுவிட்டான். விட்டதே அவனுக்குத் தெரியாது. வெட்டிய துண்டுகளை ஆத்திரத்தோடு அள்ளிக் கூரைமேலும் வடிகால் கானுக்குள்ளும் எறிந்தான். ஆவணிக்குள் எல்லாம் தளிர்த்துவிட்டன.

1955-ல் ஐந்தாம் நம்பர் லயத்தின் தகரக் கூரை முழுவதும் மரவாழை. 1956-ல் நான்காம் நம்பரும் ஆறாம் நம்பரும். வேர்கள் தகரத்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டதால் அந்த மூன்று லயங்களில் மழைக்கு ஒழுகுவது நின்றது. பல வருடமாக ஆபீசுக்கு எழுதிப்போட்டு நடக்காத வேலை. கோடை வந்தால் மலைக்குப் போகிற பூச்சிகள் இப்போது மூன்று நாள் அந்தக் கூரைகளில் இறங்கி இளைப்பாறிவிட்டுத்தான் போயின. மொட்டைப்பாறைக்குப் போன சனமெல்லாம் லயத்து வாசலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வட்டவளைக்கு வந்து இறங்கி, ஹட்டன் கடைத்தெருக் குடும்பங்கள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு மேலேறி வந்தன. கினிகத்தேனையிலிருந்து வந்த சிங்களச் சனம் வெசாக் மல், அதாவது வெசாக் பூ, என்று சொல்லி ஒரு பூவைப் பறித்துப் புத்தர் கோயிலான பன்சாலைக்குக் கொண்டுபோனது. துரை வந்து பார்த்துவிட்டுக் கொழும்புக்கு எழுதினார். அங்கிருந்து வந்த இரண்டு பேர், அம்மாக்கண்ணு போட்டுக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, மரவாழை தகரத்தில் வளராது என்று கூரையின் கீழ் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

கீழ் டிவிசன்காரர்களுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அவர்களுக்கும் கூரை இருந்தது, அதுவும் ஒழுகியது. இரவல் கேட்டும் திருடியும் துண்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார்கள், அழுகிப்போயிற்று. கை ராசி என்று வீரய்யாவையே அழைத்துப்போய் வெட்டிப் போடச் சொன்னார்கள். போனான், அதே கத்தி, அதே சாய்வு, அவையும் அழுகின. கீழ் டிவிசன் ஆட்கள் மேல் அவனுக்கு ஒரு பொறாமையும் இல்லை, அதனால் வெட்டு பிடிக்கவில்லை. டிவிசனுக்குக் கிடைத்த பேருக்கெல்லாம் காரணமானவன் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ஊரே ஆயிரக்கணக்கான பூச்சிகளைப் பார்த்து வாய்பிளந்து நிற்கும்போது அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

1957 ஆடியில் அவனுடைய இடது தோளில் அரிப்பெடுத்தது. பயறு அளவுக்கு ஒரு பச்சை முளை. பத்து நாளில் இரண்டு இலை விட்டது. டிஸ்பென்சரியில் டாக்டரய்யா டிஞ்சர் போட்டார். அது நன்றாக வளர்ந்தது. பிறகு அவர், தோளில் மரவாழை, உடம்புக்கு வேறு கோளாறில்லை, வேலை செய்யலாம் என்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வீரய்யா கம்பளியால் மூடிக்கொண்டான். மாதத்துக்கு ஒருமுறை பீலிப் பக்கம் தனியாகப் போய், அந்தக் கையகலக் கண்ணாடியைக் கல்லில் சாய்த்துவைத்து, தன் தோளைத் தானே கவ்வாத்து வெட்டிக்கொள்வான். எட்டாத இடத்தில் ஒரு தண்டு எப்போதும் தப்பிவிடும். எறிந்த துண்டுகள் பீலிக் கல்லெல்லாம் பூத்தன. நாகலெட்சுமிக்கு இது தெரியாதா என்றால், பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு தரம் வாயெடுத்தாள். அவன் கதவைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றான். அவளும் விட்டுவிட்டாள், ஆனால் கம்பளியை மட்டும் அடிக்கடி துவைத்துக் காயவைத்துக் கொடுத்தாள்.

இப்படியே ஏழெட்டு வருடம் போயிற்று. 1964 ஐப்பசியில் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது, தோட்டத்துச் சனத்தில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று ரேடியோ சொன்னது. கோயிலிலும் கள்ளுத் தவறணையிலும் வேறு பேச்சே இல்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று எல்லாரும் கேட்டார்கள், யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. அந்த டிவிசனில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் வீரய்யா. கொத்மலைக்கு வரத் தெரிந்தவனுக்குக் கடல் தாண்ட வராது என்று கணக்குப் போட்டான். பேர் எழுத வரும்போது இந்தியாவுக்கு என் பேரை முதலில் போடுங்கள் என்று கங்காணி இராமையாவிடம் சொல்லிவைத்தான். நாகலெட்சுமிக்கு அங்கே தெரிந்த ஊர் கிடையாது, தெரிந்த முகமும் கிடையாது. அவள் பிறந்ததே மூன்றாம் நம்பர் லயத்தில். அவளிடம் அவன் சொல்லவில்லை. 1965 மாசி இருபதாம் தேதி சாயங்காலம், அம்மாக்கண்ணு வாயிலிருந்து அவள் கேள்விப்பட்டாள்.

மறுநாள் காலை பூச்சி வந்தது. அவள் நின்றாள், அவன் மூன்றடி தள்ளி நின்று பார்த்தான், பூச்சி போயிற்று. தப்படித்தார்கள். நாகலெட்சுமி கூடையைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். அவள் பெரட்டுக்குப் போகாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"கடலுக்கு அந்தப் பக்கம் போகப் பேரு குடுத்துட்டீங்களாமே?"

"ஆமா."

"எதுக்குங்க?"

வீரய்யா கதவைப் பார்த்தான். பிறகு பதினேழு வருடமும் ஒரேயடியாக வெளியே வந்தது. அந்தப் பூச்சி யார் என்று சொன்னான். வலது இறகைச் சொன்னான், அறுந்த காதைச் சொன்னான். இது தனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், தெரிந்துகொண்டே வருடா வருடம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றான். கடைசியாக, யாரும் கேட்காமலே, "அன்னைக்குத் தேடப் போனப்ப திரும்பலாம்னு மொதல்ல சொன்னது நாந்தான்" என்றான்.

நாகலெட்சுமி தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அந்த இறகில் பிளவு இருக்கிறதா என்று கேட்டாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள். வீரய்யாவுக்கு விளங்கவில்லை, விளையாடுகிறாளா என்று நினைத்தான்.

"என் மூக்கு மேல உக்காந்திருக்கிறத நான் எப்படிங்க பாக்கிறது? மஞ்சளா என்னமோ தெரியும், அவ்வளவுதான். கண்ணாடியில பாக்கலாம்னா அன்னைக்குன்னு பாத்து கண்ணாடியக் காணோம்பீங்க."

"பாக்கலைன்னா, அப்புறம் எதுக்கு அசையாம நின்ன?"

"அத்தானுக்கு அழ வேண்டியத நான் அப்பவே அழுது முடிச்சிட்டேங்க. வருசம் பூரா நீங்க என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. அந்த ஒரு நாளுதான் கண்ணு வாங்காம பாப்பீங்க. அசைஞ்சா அதுவும் இல்லாமப் போயிருமேன்னுதான் நின்னேன்."

வீரய்யா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். பதினேழு மாசியும் அவள் முகத்தில் வந்த அந்த வெட்கம் தனக்கு உரியது என்று இப்போதுதான் தெரிந்தது. எவனோ கொண்டுபோகிறான் என்று அவன் நெஞ்செரிந்ததெல்லாம் அவனுக்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. வாங்காமல் வாசலில் போட்டிருக்கிறான். அதைவிடக் கொடுமை ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்? வெகுநேரம் கழித்துக் கம்பளியைத் தோளிலிருந்து இறக்கினான், உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். வேரோடு எடுத்துவிடு என்றான். அவள் பின்னால் உட்கார்ந்து தண்டு தண்டாக வெட்டினாள். பெண்கள் கவ்வாத்து வெட்டுவதில்லை, ஆனாலும் சாய்வு சரியாக இருந்தது. இத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். கடைசித் தண்டில் கத்தியை நிறுத்தினாள்.

"இத மூச்சுக்கு விடுறேங்க" என்றாள்.

அன்றைக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. இராமையா கேட்கவில்லை. இந்தியாவுக்குப் பேர் போடும் விஷயத்தை வீரய்யா பிறகு எடுக்கவில்லை; இராமையா ஞாபகப்படுத்தியபோது, பொறுங்கள் பார்க்கலாம் என்றான். நாகலெட்சுமி வெட்டிப்போட்ட துண்டுகள் தளிர்க்கவில்லை, கானுக்குள் கிடந்து காய்ந்தன. கூரைமேல் இருந்தவை இருந்தபடி இருந்தன, புதிதாக ஒன்றும் பரவவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகினான். முதலில் கொஞ்சம் சிரமமாக இருந்தது. சோற்றில் உப்பில்லை என்பதைக்கூட முகத்தைப் பார்த்துச் சொல்லப்போய் என்ன சொல்ல வந்தோம் என்று மறந்துவிடுவான். அம்மாக்கண்ணு அதற்கும் சிரித்தாள்.

1966 மாசி இருபதாம் தேதி வீரய்யா கண்ணாடியை ஒளித்துவைக்கவில்லை. துடைத்து, அவள் முக உயரத்துக்கு வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டினான். பார்க்க வேண்டுமென்றால் பார்க்கட்டும், சின்னராசாவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று நினைத்தான். அப்படி நினைக்க அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. காலையில் பூச்சி வந்தது. வழக்கம்போலக் கொய்யாமரத்தைச் சுற்றியது. நாகலெட்சுமியின் மூக்குத்திக்கு நேரே ஒரு கணம் நின்றது. பிறகு விலகி, வீரய்யாவின் இடது தோளில், அவள் மூச்சுக்கு விட்ட தண்டில் பூத்திருந்த ஒரே பூவில் போய் உட்கார்ந்தது.

இப்போது மூன்றடி தள்ளி நின்றவள் அவள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அதை முழுசாகப் பார்த்தாள். வலது இறகில் பிளவு இருந்தது, அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. அதை ஒரு பார்வைதான் பார்த்தாள். அது இறகை விரித்து மூடும்போதெல்லாம் அவன் கன்னத்தில் படுவதைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மூக்குத்தியில் வெற்றிலை மடிக்கிற நேரம் இருந்தது, அவன் தோளில் மென்று துப்புகிற நேரமும் தாண்டி இருந்தது. வீரய்யா கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நாகலெட்சுமியின் முகம் மெல்லச் சிவந்ததை அம்மாக்கண்ணு தன் வாசலிலிருந்து பார்த்தாள். இந்த ஒரு தடவை அவள் சிரிக்கவில்லை. ஒருவழியாகப் பூச்சி எழுந்து, சிவனொளிபாதமலைப் பக்கம் போயிற்று.

"யாரு அது?" என்றாள் நாகலெட்சுமி.

"பூச்சி" என்றான் வீரய்யா.

அவள் கூடையை மாட்டிக்கொண்டு, அவன் தோளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெரட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம், தோளில் அந்தப் பூ எப்படியிருக்கிறது பார்க்கலாம் என்று வீரய்யா கண்ணாடியைத் தேடினான். நிலையில் ஆணி மட்டும் இருந்தது. அரிசித் தகரத்துக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவிப் பார்த்தான், அங்கேயும் இல்லை. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டான். காணோம் என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். வீரய்யா கையில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிக்காகக் காத்திருந்தான்.